தீயணைப்போர் குரலும் மாறும் அலைவரிசையும்

வானொலியில் அறிவிப்பாளர் நம்மை நோக்கித்தான் பேசுகிறார். நமக்கென்று பேசப்படாத பேச்சுகளும் அதே வானவெளியில் உலவுகின்றன. விமானியும் விமான நிலையத்தாரும் பேசிக்கொள்வது ஒன்று. தீயணைப்புப் படையினர் தமக்குள் பேசிக்கொள்வது மற்றொன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டில் இப்பேச்சை வீட்டிலிருந்தபடியே கேட்கும் பழக்கம் நெடுங்காலமாக உண்டு. அங்கே சில ஆண்டுகள் வாழ்ந்தபோது நானும் கேட்டவன். அதைப் பற்றியும், கேட்டுப் பழகிய குரல் ஒருநாள் இடம் மாறிவிடுவது ஏன் என்பதைப் பற்றியும் சொல்ல விரும்புகிறேன்.

இதற்குரிய கருவியை ஸ்கேனர் என்பார்கள். பல அலைவரிசைகளை அது ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து துழாவும்; எங்கே பேச்சு எழுகிறதோ அங்கே நிற்கும்; பேச்சு முடிந்ததும் மீண்டும் துழாவத் தொடங்கும். தொடக்க காலக் கருவிகளில் அலைவரிசை ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு படிகத்தை விலைக்கு வாங்கிப் பொருத்த வேண்டும். பின்னர், எண்ணை அழுத்தினாலே போதும் என்ற நிலை வந்தது.

அந்நாட்டுத் தீயணைப்போருள் பெரும்பான்மையோர் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். எங்கள் சிற்றூரில் தீ என்றால், முதலில் இரண்டு தொனிகள் நீண்டு ஒலிக்கும். கடைக்காரரும் உழவரும் தச்சரும் தத்தம் வேலையை விட்டு ஓடுவார்கள். சில நிமிடங்களில், ‘இரண்டு மாடி வீடு, மேல்மாடிச் சன்னலில் புகை’ என்று முதல் வண்டியின் குரல் கேட்கும். என் அண்டை வீட்டு மூதாட்டியின் மகனும் அப்படையில் இருந்தார். சமையலறையில் கருவியை வைத்துக்கொண்டு, ‘எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள்’ என்னும் ஒரு சொல்லுக்காகவே அந்த அம்மையார் காத்திருப்பார். ஒருநாள் அக்கருவி ஊமையாயிற்று. பழுது ஏதுமில்லை, படையினர் வேறு அமைப்புக்கு மாறிவிட்டனர்.

ஏன் மாற வேண்டும்? வானவெளியில் இடநெருக்கடி மிகுந்துவிட்டது என்பது முதற் காரணம். முன்பு பல ஊர்ப் படைகள் 33, 46 மெகாஹெர்ட்ஸ் பகுதிகளில் பேசின. அவ்வலைகள் சில வேளைகளில் வளிமண்டலத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி, தொலைதூர மாநிலத்துப் பேச்சில் போய்க் கலந்துவிடும். அதனால் பலர் 154 மெகாஹெர்ட்ஸ் பகுதிக்கும், அதற்கு மேலும் சென்றனர். 2013 ஜனவரி 1 முதல், 150 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் ஓர் அலைவரிசையின் அகலத்தை 25 கிலோஹெர்ட்ஸிலிருந்து 12.5 ஆகக் குறைக்க வேண்டும் என்று அரசு விதித்தது. 800 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் கைப்பேசி நிறுவனங்களின் அலைகள் இடையூறு செய்ததால், அங்கும் இடங்களை மாற்றியமைக்க 2004ஆம் ஆண்டில் ஆணை பிறந்தது.

அதனினும் பெரிய மாற்றம் ‘டிரங்கிங்’ என்னும் முறை. ஒரே வரிசையில் நிற்பவர்களை, எந்தப் பயணச்சீட்டுச் சாளரம் காலியோ அங்கே அனுப்புவதைப் போல, ஒவ்வொரு பேச்சையும் காலியான அலைவரிசைக்குக் கணினி அனுப்பிவிடுகிறது. கேள்வி ஓர் அலைவரிசையிலும் விடை வேறொன்றிலும் வரும். பழைய ஸ்கேனர் இதைப் பின்தொடர அறியாது. அதன்மேல், குரலை எண்களாக்கி அனுப்பும் முறையும் சேர்ந்துகொண்டது.

இம்மாற்றங்கள் வீண் ஆடம்பரம் அல்ல. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் தென்கோபுரம் வீழ்ந்தது. 29 நிமிடங்களில் வடகோபுரமும் வீழ்ந்தது. அதற்குமுன் காவல்துறை ஹெலிகாப்டரிலிருந்து எச்சரிக்கை எழுந்தது. ஆனால் தீயணைப்போர் வேறு வானொலியில் பேசினர். அது அவர்களை எட்டவில்லை. அன்று அந்நகரத் தீயணைப்புத் துறையினர் 343 பேர் உயிர் துறந்தனர். பல துறைகளும் ஒருவரையொருவர் கேட்க வேண்டும் என்ற கோரிக்கை அதன்பின் வலுத்தது.

எனினும், புதியது எல்லாம் நல்லது என்றும் கொள்ளுதற்கில்லை. குரலை எண்களாக்கும் கருவி மனிதப் பேச்சுக்கென்றே அமைந்தது. அருகில் இரம்பம் இரைந்தாலோ, மூச்சுக் கருவியின் அபாய மணி ஒலித்தாலோ, பேச்சே சிதைந்து புரியாமற்போவதுண்டு என்பதைத் தீயணைப்புத் தலைவர்களே சோதித்து அறிந்தனர். ஆகவே, எரியும் கட்டடத்தினுள் பேசுவதற்குப் பழைய எளிய முறையையே பல படைகள் வைத்துக்கொண்டன.

இறுதியாக, மறைமொழியாக்கம் என்று ஒன்று உண்டு. அலைவரிசை மாறினால் புதிய கருவி வாங்கலாம். பேச்சையே பூட்டிவிட்டால் எக்கருவியும் உதவாது. மறைக்கப்படாத தீயணைப்புப் பேச்சைக் கேட்பதை 1986ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம் குற்றமாகக் கொள்ளவில்லை. வண்டியில் ஸ்கேனர் வைத்திருப்பதைச் சில மாநிலங்கள் கட்டுப்படுத்துகின்றன. நோயாளியின் பெயரும் முகவரியும் ஊரார் காதில் விழலாகாது என்பது நேர்மையான வாதம். அதை நான் ஒப்புகிறேன். ஆனால் தீ எங்கே, எத்திசையில் பரவுகிறது, உள்ளே சென்றவர் மீண்டாரா என்பவை அத்தகைய இரகசியங்கள் அல்ல. அவற்றை அறியும் ஊர் வழிவிட்டு ஒதுங்கும். வேண்டுமானால் உதவிக்கும் வரும். நோயாளியைப் பற்றிய பேச்சுக்குத் தனி அலைவரிசை வைத்து அதை மட்டும் பூட்டி, தீயைப் பற்றிய அழைப்பைத் திறந்தே வைப்பது இயலாத காரியம் அன்று. அலைவரிசையை மாற்ற முனைவோர், அந்தச் சமையலறையில் காத்திருக்கும் தாயையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து.