உஷார்! மழையே இல்லாமல் ஏறும் தண்ணீர்

குமாரலிங்கபுரத்திலிருந்து கோடை லீவுக்கு வேன் பிடித்து வால்பாறை, ஊட்டி என்று கிளம்புகிறவர்களே, ஒரு நிமிஷம் நில்லுங்கள். இதைப் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

நம் கண்மாயை நமக்குத் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் நிறையும். வெயில் ஏற ஏற வற்றும். காலையில் முழங்கால் அளவென்றால் சாயங்காலமும் முழங்கால் அளவுதான். அந்த நினைப்போடு மலை அணையில் காலை வைக்காதீர்கள்!

வானம் வெளுத்துக் கிடக்கும். தண்ணீர் ஏறும்.

ஆனைமலையில் காடம்பாறை இருக்கிறது. 1980களின் கடைசியில் ஓடத் தொடங்கிய 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம். மேலே காடம்பாறை அணை, கீழே மேல் ஆழியாறு அணை, நடுவில் பாறையைக் குடைந்து மின்நிலையம். கரண்ட் மிஞ்சினால் கீழ்த்தண்ணீரை மேலே இறைப்பார்கள். தட்டுப்பாடு வந்தால் அதையே கீழே விட்டுக் கரண்ட் எடுப்பார்கள். ஒரு இயந்திரம் முழுசாக ஓடினால் நொடிக்குச் சுமார் முப்பதாயிரம் லிட்டர். நாம் குடத்தை வரிசையில் போட்டுக் காத்துக் கிடக்கிறோமே, அந்தத் தண்ணீர் லாரி இரண்டு மூன்று, ஒரே நொடியில்! அப்படி நான்கு இயந்திரம். நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இன்னொன்று. அது ஓடும்போது எமரால்டு, அவலாஞ்சித் தண்ணீரும் இதே கணக்கில்தான் ஏறி இறங்கும். எப்போது ஓட்டுவது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் மின்தேவையைப் பார்த்து முடிவாகிறது. நீங்கள் கரையில் சோற்றுப் பொட்டலம் பிரித்திருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

2014 ஜூன் 8. இமாசலப் பிரதேசம், பியாஸ் ஆறு. ஹைதராபாத்திலிருந்து டூர் வந்த இன்ஜினியரிங் மாணவர்கள் பாறைமேல் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலே லார்ஜி அணை, சாதாரண நீர்மின் அணைதான். கரண்ட் உற்பத்தியைக் குறைத்ததும், மிஞ்சிய தண்ணீரை மதகைத் திறந்து விட்டார்கள். கணுக்கால் தண்ணீர் இடுப்புக்கு வந்தது. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கரையிலிருந்தவர்கள் கத்தத்தான் முடிந்தது. 24 மாணவர்கள், கூட வந்தவர் ஒருவர். எல்லாரும் போனார்கள்.

அணைக்கு வெகுதூரம் தள்ளி இருந்தாலும் நிம்மதி இல்லை. அமெரிக்காவின் மிசௌரியில் டாம் சாக் நீரேற்று நிலையம். 2005 டிசம்பர் 14 அதிகாலை, நீர்மட்டம் காட்டும் கருவி இடம் பெயர்ந்திருந்ததால், மேல் நீர்த்தேக்கம் நிரம்பியும் பம்பு நிற்கவில்லை. தண்ணீர் வழிந்தது, கரை அறுந்தது. அரை மணிக்குள் நீர்த்தேக்கமே காலி! கீழே பூங்காக் காப்பாளர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு தாய், தகப்பன், மூன்று சின்னஞ்சிறுசுகள் வீட்டோடு அடித்துப் போனார்கள். ஐவரும் பிழைத்தது பெரிய அதிர்ஷ்டம். கோடைக்காலமாக இருந்திருந்தால் அங்கே கூடாரங்கள் நிறைந்திருக்கும்.

சரி, எதைப் பார்த்து உஷாராவது? மழையே இல்லை, ஆனால் உங்கள் தலைக்கு மேல் பாறையில் ஈரக்கோடு தெரிகிறதா? தண்ணீர் சற்றுமுன் அங்கே நின்றிருக்கிறது. திரும்பவும் வரும்! தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினால், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால், சத்தம் மாறினால், செருப்பைத் தேடாதீர்கள். மேட்டுக்கு ஓடுங்கள். சைரன் ஊதினால் சொல்லவே வேண்டாம், ஓடுங்கள். சைரன் ஊதும் என்று காத்திருக்கவும் வேண்டாம்.

தண்ணீர் இறங்கிய கரை இன்னொரு பொல்லாப்பு. மேலே காய்ந்த மண் மாதிரி இருக்கும், மிதித்தால் தொடை வரை உள்ளே இழுக்கும். இரும்புக் கம்பிச் சட்டம் போட்ட நீர்வாய்ப் பக்கம் தலைகாட்டவே கூடாது. மேலே சலனமே இருக்காது. அடியில் இழுப்பு எமன்! நம் கண்மாயில் அக்கரைக்கு நீந்திவிட்டு வந்தவனுக்கும் அதே கதிதான்.

யாராவது விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். சேலை, துண்டு, கயிறு, கையில் கிடைத்ததை வீசுங்கள். ஒருவர் 112க்கு அழைக்கட்டும். மலையில் பல இடத்தில் சிக்னல் இருக்காது, ஆகவே கடைசியாக எங்கே சிக்னல் வந்தது என்று வேன் டிரைவரை முன்கூட்டியே பார்த்து வைக்கச் சொல்லுங்கள்.