அத்தை தனியே விமானம் ஏறினாங்க!

வெளிநாட்டில் மகளுக்குப் பிரசவம் என்றால், பேறுகாலம் பார்க்க ஓடுவது நம் வீட்டுப் பெரிய பெண்கள்தான். கூடப் போக ஆள் கிடைப்பதில்லை. போன வருடம் சிங்கப்பூரில் இருக்கும் என் நாத்தனாருக்குத் தலைப்பிரசவம். என் மாமியாருக்கு வயது 63. தமிழ் மட்டும்தான் படிப்பார். திருச்சியிலிருந்து நேர் விமானம் என்பதால் தனியே அனுப்ப முடிவு செய்தோம். "ஏம்மா, நான் ஒழுங்கா ஊரு போய்ச் சேருவேனா?" என்று தினமும் கேட்பார். நல்லபடியாகப் போய், பேரனைக் குளிப்பாட்டி வளர்த்துவிட்டுத் திரும்பினார். நாங்கள் செய்த ஏற்பாடுகள் மற்ற சகோதரிகளுக்கும் உதவுமே என்று எழுதுகிறேன்.

முதலில் பெட்டி. எத்தனை கிலோ என்று டிக்கெட்டிலேயே போட்டிருக்கும். தெரு முனை அரிசிக் கடைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டோம். அங்கே போய்ப் பெட்டியைத் திறந்து சாமானை எடுத்துப் போடும் அவஸ்தை இல்லை. பெட்டிக்கு அடையாளமாகச் சிவப்பு ரிப்பன் கட்டினோம்.

ஊறுகாய், நெய், பிரசவ லேகியம் எல்லாம் பெரிய பெட்டிக்குள் போகணும். கைப்பையில் திரவமோ களிம்போ 100 மில்லிக்கு மேல் உள்ள பாட்டிலில் இருந்தால் விடமாட்டார்கள். பவர் பேங்க் மட்டும் நேர்மாறு; அது கைப்பையில்தான் இருக்கணும்.

கவனம், கசகசா! நமக்கு அது குருமாவில் அரைக்கிற சாமான். சிங்கப்பூரிலும், துபாய் போன்ற வளைகுடா ஊர்களிலும் அது தடை செய்யப்பட்ட பொருள். அத்தைக்காக மசாலாப் பொடியைக் கசகசா இல்லாமல் தனியாகத் திரித்தேன். வெற்றிலையோடு போடும் புகையிலைக்கும் சிங்கப்பூரில் தடை. அத்தைக்கு அதுதான் பெரிய வருத்தம்!

மாத்திரைகளை அட்டையோடு, டாக்டர் சீட்டோடு கைப்பையில் வைத்தோம். டப்பாவில் பிரித்துப் போட்டால் என்ன மாத்திரை என்று யாருக்குத் தெரியும்? இன்சுலின் போடுகிறவர்களும் அதைக் கையிலேயே வைத்துக் கொள்ளணும். தூக்க மாத்திரை, சில வகை இருமல் மருந்துகளுக்கு சிங்கப்பூரில் முன்அனுமதி வேண்டும். விசாரித்துக் கொள்ளுங்கள்.

முழங்கால் வலி இருப்பதால், டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிட்டோம். தள்ளிக்கொண்டு போகிறவரே சோதனை, பாஸ்போர்ட் முத்திரை, விமானத்தின் வாசல் வரை கூட வந்தார். மொழி தெரியாதவர்களுக்கு இதைவிடத் துணை வேறில்லை. பெண்களை மறைப்புக்குள் பெண் காவலரே சோதிப்பார், கூச்சப்பட வேண்டாம்.

சிங்கப்பூர் போகிறவர்கள் இறங்கும் நாளுக்கு முந்தைய 3 நாளுக்குள் வருகை அட்டையை கம்ப்யூட்டரில் பதியணும். அரசாங்கத்தின் தளத்தில் இது இலவசம். பணம் கேட்டால் அது வேறு யாரோ என்று புரிந்து கொள்ளுங்கள். மகள் வீட்டு விலாசம், போன் நம்பர், திரும்பி வரும் டிக்கெட் இவற்றை ஒரு தாளில் ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதி பாஸ்போர்ட்டோடு வைத்தோம். யார் என்ன கேட்டாலும் அதை நீட்டினால் போதும்.

கடைசியாக ஒன்று. இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். விமான நிலையத்தில், "அம்மா, எனக்கு எடை கூடிப்போச்சு, இந்தப் பையை மட்டும் கொண்டு வாங்க" என்று தெரியாதவர்கள் கெஞ்சுவார்கள். வரும்போது, "இந்தச் செயினைக் கழுத்தில் போட்டுக்கிட்டுப் போங்க" என்பார்கள். நம் பெண்களுக்கு முகத்தில் அடித்தாற்போல் மறுக்கத் தெரியாது. ஆனால், பையில் என்ன இருந்தாலும், பிடிபடுவது அதைத் தூக்கி வந்தவர்தான். சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் மரண தண்டனை வரை உண்டு. அத்தையிடம் இதை நூறு தடவை சொல்லி அனுப்பினேன். அவரும் ஒரு அம்மாள் கொடுத்த பொட்டலத்தை, "என் மருமக வாங்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கா" என்று மறுத்துவிட்டாராம். பழி என் மேல் விழுந்தால் விழட்டும்!

உங்கள் வீட்டிலிருந்தும் யாராவது கிளம்பினால், பெட்டி கட்டும்போதே இதையும் சொல்லி அனுப்புங்கள் சகோதரிகளே.

- ஒரு வாசகி, மணப்பாறை