உங்களுக்குத் தெரியுமா? அலாஸ்காவில் தபாலுக்கும் போட்டி!

அமெரிக்காவின் அலாஸ்காவில் பத்து ஊர்களில் எட்டுக்குச் சாலைத் தொடர்பு கிடையாது. டயப்பர், முட்டை, சோடா எல்லாமே பெரும்பாலும் விமானத்தில்தான் வந்து சேரும், அதுவும் தபால் கட்டணத்தில்! குறைந்தது 1,000 பவுண்டு (சுமார் 450 கிலோ) சேர்ந்தால், சரக்கு தபால் நிலையத்துக்குள் நுழையாமலே நேராக விமானம் ஏறிவிடும். பல குட்டி விமான நிறுவனங்களுக்குச் சோறு போடுவது இந்தத் தபால்தான், அடிதடியும் அதற்குத்தான். பயணிகளையும் ஏற்றிச் செல்பவர்களுக்கே தபாலில் பெரும்பங்கு என்று 2002-இல் சட்டமே வந்தது.

“பக்கத்துக் கம்பெனிக்காரன் கிளம்பிட்டான், நீ ஏன் தயங்குற?” இந்த நெருக்கடியில் மோசமான வானிலையிலும் துணிந்து பறக்கும் மனப்போக்குக்கு, அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1980-இலேயே ‘புஷ் சிண்ட்ரோம்’ (புஷ் என்றால் சாலை எட்டாத உட்பகுதி) என்று பெயர் சூட்டியது.

குளிர் சும்மா விடுமா? இறக்கையில் உப்புத்தாள் சொரசொரப்புக்கு உறைபனி படிந்தாலே தூக்குவிசை 30 சதவீதம் வரை குறையலாம். அதனால் இரவில் இறக்கைக்கும் எஞ்சினுக்கும் துணி உறை மாட்டுகிறார்கள். அந்தக் கால விமானிகள் பொழுது சாய்ந்ததும் எஞ்சின் ஆயிலை வடித்துக் குடிசைக்குள் கொண்டுபோய், காலையில் அடுப்பில் சூடாக்கி மறுபடி ஊற்றுவார்களாம்.

இப்படிப்பட்ட ஆபத்தான வானில் விபத்துகளைக் குறைக்க, 1999-இல் அலாஸ்காவின் பெத்தெல் வட்டாரத்தில் ‘கேப்ஸ்டோன்’ திட்டம் தொடங்கியது. மலையையும் எதிரே வரும் விமானத்தையும் திரையில் காட்டும் கருவிகளை, போட்டி நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் அரசே தன் செலவில் பொருத்தியது. 2000–2004 காலத்தில் அந்த விமானங்களின் விபத்து விகிதம் 47 சதவீதம் குறைந்தது.