தேடுபொறிப் பணிக்குக் கூலி யாது?



சூரியநெல்லியில் நாம் அறிந்த தோட்டக் குடும்பத்து இளைஞர் ஒருவர், 2018-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு தங்கும் விடுதியாருடன் ஏற்பாடு ஒன்று செய்துகொண்டார். கூகிளில் மூணாற்று ஹோம்ஸ்டேக்களைத் தேடுவோர்க்கு அவ்விடுதியின் பெயரே முதலாவதாகத் தோன்றவேண்டும். தோன்றினால் முப்பதாயிரம் ரூபாய், இல்லையேல் ஒன்றுமில்லை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை நீலக்குறிஞ்சி பூக்கும் ஆண்டு அது. வரப்போகும் கூட்டத்தை எண்ணி இருவரும் மகிழ்ந்திருந்தனர். ஆறு மாத உழைப்பில் பெயர் முதற்பக்கத்திற்கு ஏறிவிட்டது. முதலிடம் மட்டும் வாய்க்கவில்லை. ஆகஸ்டில் பெருவெள்ளம் வந்து சாலைகள் அறுந்தன. பயணிகளும் வரவில்லை, கூலியும் வரவில்லை. விடுதியாரை நோவதற்கில்லை, அவர் சொன்ன சொற்படியே நடந்தார். பிழை, விலை வைத்த முறையில் இருந்தது.

எஸ்.இ.ஓ. என்று வழங்கும் இப்பணி யாது? இணையதளத்தின் சொற்களையும் தலைப்புகளையும் தேடுவோர் மொழிக்கு இசையத் திருத்துதல், பக்கம் விரைவில் திறக்கச் செய்தல், கூகிள் வரைபடத்தில் விடுதியின் விவரத்தைச் சரியாகப் பதிதல் முதலியன. இவை நம் கையில் உள்ளவை. வரிசையோ கூகிளின் கையில் உள்ளது. முதலிடம் தருவதாக எவரும் உறுதி கூற இயலாது என்று அந்நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது. பயன் தெரிய நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும் என்றும் கூறுகிறது. தம் கையில் இல்லாத பொருளை விற்கலாமோ?

நம் தாய்மார் கொழுந்து கிள்ளிய கூலியை நினைத்துப் பாருங்கள். குறித்த எடைக்கு நாட்கூலி. மிகுந்த ஒவ்வொரு கிலோவுக்கும் மேற்கூலி. 2015-இல் மூணாற்றுப் பெண்கள் 'பொம்பிளை ஒருமை' என்று திரண்டு போராடிய பின் நாட்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ஆயிற்று. ஏலத்தில் தேயிலை விலை சரிந்தாலும் அன்றைய கூலி அன்றைக்கு உண்டு. படிக்காத தாய்மார் காத்த இந்நெறியைப் படித்த பிள்ளைகள் ஏன் கைவிடவேண்டும்?

நிற்க. கணக்குக்கு வருவோம். குடும்பச் செலவுக்கு மாதம் 20,000, கணினி, மின்சாரம், இணையம் ஆகியவற்றுக்கு 4,000 எனக் கொள்வோம். மாதத்தில் 200 மணி நேரம் உழைத்தாலும், வேலை தேடுவதிலும் பாக்கி கேட்டு அலைவதிலும் பாதி போய்விடும். மிஞ்சும் 100 மணிக்கு 24,000 எனின், மணிக்கு 240 ரூபாய். முதல் மாதம் நாற்பது மணி வேலைக்கு 9,600. பின்னர் மாதம் பத்து மணிக்கு 2,400. இதற்குக் கீழே இறங்கினால் நாம் நம் வயிற்றை அறுத்துக் கொடுக்கிறோம்.

விடுதியாருக்கு இது கட்டுமா? அவர் பக்கமும் கணக்கிடுக. அறை வாடகை 2,000; முன்பதிவுத் தளம் நூற்றுக்குப் பதினைந்து எடுத்துக்கொண்டால் 300 போகிறது. இணையதளம் வழியே நேரே வரும் விருந்தினர் மாதத்தில் எட்டு இரவுகள் தங்கினால் அந்த 2,400 அவருக்கு மீண்டுவிடும். இதை அவர் முன் எழுதிக் காட்டுங்கள். பேரம் பாதியாகக் குறையும். எட்டு இரவுக்கு மேற்பட்டவற்றுக்குச் சிறு பங்கு கேட்பதில் தவறில்லை. அதுவே மேற்கூலி. இரண்டே அறை உள்ளவர்க்கோ, மாதப்பணியே வேண்டாம் என்று சொல்லிவிடுவது நேர்மை. வரைபடப் பதிவு கட்டணமின்றிக் கிடைப்பது, அதைச் செம்மை செய்த நேரத்திற்கு மட்டும் வாங்கிக்கொள்ளலாம்.

"நம்ம பையன்தானே, சும்மா செய்து தரட்டும்" என்னும் மாமன்மாரைப் பற்றி என் சொல்ல! ஒருவருக்குச் சும்மா செய்தால் குமுளி முழுதும் அதுவே விலையாகிவிடும்.

ஆயிரம் ரூபாய்க்கு ஆயிரம் இணைப்பு என்று கூவி விற்போரும் உளர். விலைக்கு வாங்கிய இணைப்புகளால் உயர்ந்த தளங்களைக் கூகிள் 2012 முதல் கீழே தள்ளி வருகிறது. அத்தகைய மலிவோடு போட்டியிடல் வேண்டா.

பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் முதலிய ஊர்களில் இருந்துகொண்டு கோவை நிறுவனங்களுக்கு உழைப்போர்க்கு ஒரு செய்தி. மாநிலம் கடந்த பணியாயினும், ஆண்டு வரவு இருபது இலட்சத்தைத் தாண்டாதவரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமன்று. வாளையாற்றுக்கு அப்பால் வேலை தருவோர் பதிவில்லை என்று சொல்லிக் கூலியைக் குறைக்க முற்பட்டால், இதை எடுத்துச் சொல்லுங்கள்.