வண்ணம் தீட்டும் ஆமைக்குக் குழந்தையின் போட்டோ எதற்கு?

ஆவடியிலிருந்து மெரினாவுக்குப் போய்த் திரும்பினால் ஞாயிற்றுக்கிழமையே முடிந்துவிடும். கடல் அவ்வளவு தூரம் என்பதால் இந்தப் பக்கத்து அம்பத்தூர், பூந்தமல்லி பிள்ளைகள் பலரும் ஆக்டோபஸை முதலில் பார்ப்பது கலரிங் தாளில்தான். அந்தத் தாளை இப்போது ஏஐ செயலியே வரைந்து தருகிறது. 'நான்கு வயதுக் குழந்தைக்கு, கெட்டிக் கோட்டில் ஒரு கடலாமை' என்று கேட்டால் போதும். தெருமுனை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம்.

வந்த படத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஆக்டோபஸுக்குக் கை எட்டு. ஏஐ சில நேரம் ஆறு போடும், சில நேரம் ஒன்பது போடும். நண்டுக்குக் கொடுக்கையும் சேர்த்துக் கால் பத்து. கடலாமைக்குத் துடுப்புதான் உண்டு, பாதம் கிடையாது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கிய பங்குனி ஆமைகளைப் பற்றி நாளை படிக்கப்போகும் குழந்தைக்கு, அந்த ஆமையின் சரியான உருவமாவது தெரிந்திருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து வேறு. 'உங்கள் குழந்தை டால்பின் மேல் சவாரி போகும் படம்' என்று ஆசை காட்டிப் போட்டோ கேட்கும் செயலிகள் இருக்கின்றன. பள்ளிச் சீருடை, பேட்ஜ், பெயர் என எல்லாம் அந்த ஒரே போட்டோவில் போய்விடும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023-இன்படி, 18 வயது நிரம்பாதவரின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். பிள்ளைகளைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக் கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். ஆனால் விதிகள் அறிவிக்கப்பட்டது 2025 நவம்பரில்தான். நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அமலுக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம். ஆமை வரைய முகம் தேவையில்லை, கொடுக்காதீர்கள். பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தால் லாக்அவுட் செய்து, டவுன்லோடு ஆன படத்தையும் அங்கேயே அழிக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் தீட்டுவதற்கு யார் அனுமதியும் வேண்டாம். புத்தகமாக்கி விற்பதென்றால் கதை வேறு. கோமாளி மீன் யாருக்கும் சொந்தமில்லை. சினிமாவில் வரும் நீமோ டிஸ்னிக்குச் சொந்தம். 2025 ஜூனில் டிஸ்னியும் யுனிவர்சலும் பதிப்புரிமை மீறல் என்று மிட்ஜர்னி என்ற ஏஐ பட நிறுவனத்தின்மீதே வழக்குப் போட்டன. தெரிந்தே பதிப்புரிமையை மீறி விற்றால், 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆவது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறைக்கு இடமுண்டு.

பணம் போகும் வழி 'மூன்று நாள் இலவசம்' என்று சேரவைக்கும் சந்தா. செயலியை டெலீட் செய்தாலும், பணம் தானாகக் கழியும் ஆட்டோபே நிற்காது. யுபிஐ செயலிக்குள் ஆட்டோபே பகுதியைத் திறந்து ரத்து செய்ய வேண்டும். இப்படிச் சந்தாவில் சிக்கவைப்பதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரிலேயே தடை செய்துவிட்டது. புகார் எண் 1915. நிறுவனம் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமில்லை. ஆவடி, பூந்தமல்லிக்காரர்கள் திருவள்ளூரிலும், அம்பத்தூர்க்காரர்கள் சென்னையிலும் மனு கொடுக்கலாம்.

குழந்தையின் படத்தைக் கெடுத்துப் பரப்பினாலோ, கணக்கிலிருந்து பணம் திருடப்பட்டாலோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் புகார் பதியுங்கள். ஆவடி மாநகரக் காவல் ஆணையரகத்தின் சைபர் கிரைம் பிரிவையும் அணுகலாம். பணம் போயிருந்தால் மறுநாள் வரை காத்திருக்காமல், தெரிந்த நிமிடமே 1930-ஐ அழையுங்கள்.