கம்பியை வெட்டி முறுக்கினால் மின்னூட்டம் விரையுமா?

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்து, பள்ளிகள் மூடப்பட்டபோது, ஜொகூர்த் தோட்டப்புறங்களில் கைப்பேசியே கரும்பலகை ஆயிற்று. வீட்டில் பிள்ளைகள் மூவர், கைப்பேசியோ ஒன்று. தந்தை வேலை முடிந்து திரும்பிய பின்னரே அது பிள்ளைகள் கைக்கு வரும். வரும்போது அதில் மின்சாரம் இராது. மின்னூட்டியில் செருகி ஒரு மணி நேரம் காத்திருந்தாலும் நூற்றுக்குப் பத்தோ பதினைந்தோதான் ஏறியிருக்கும். அந்த நாள்கள் கழிந்துவிட்டன. ஆயினும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலங் கடந்து சிங்கப்பூர் செல்லும் தொழிலாளிக்கும், தேர்வுக்குப் படிக்கும் மாணவனுக்கும் அந்தக் காத்திருப்பு இன்னும் கழிந்தபாடில்லை.

இதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு என்பார் சிலர். கைப்பேசியை மின்னூட்டியோடு இணைக்கும் யூ.எஸ்.பி. வடத்தைப் பிளந்தால் உள்ளே சிவப்பு, கறுப்பு, பச்சை, வெள்ளை என நான்கு கம்பிகள் இருக்கும். பச்சையையும் வெள்ளையையும் வெட்டி, கைப்பேசிப் பக்கத்து முனைகள் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால் மின்னூட்டம் இருமடங்கு விரையும் என்பது அவர்கள் கூற்று. இது வெறுங் கட்டுக்கதையன்று. ஒரு காலத்தில், ஒரு வகைக் கருவிக்கு, முற்றிலும் உண்மையாக இருந்த செய்தி. இன்று அதே வேலையைச் செய்தால் பெரும்பாலும் மின்னூட்டம் முன்னிலும் மெதுவாகும் என்பதே வியப்பு. ஏன் அவ்வாறு ஆகிறது என்பதை அறிய வேண்டுமானால் அந்த நான்கு கம்பிகளின் தொழிலை முதலில் அறிதல் வேண்டும்.

யூ.எஸ்.பி. என்னும் இணைப்பு முறை 1996இல் வெளிவந்தது. இந்தியாவில் பிறந்து, பரோடா மகாராசா சாயாசிராவ் பல்கலைக்கழகத்தில் பயின்று, இண்டெல் நிறுவனத்தில் பணியாற்றிய அஜய் பட் என்பார் இதனை உருவாக்கியோருள் முதன்மையானவர். கணிப்பொறியோடு விசைப்பலகை, சுட்டி, அச்சுப்பொறி ஆகியவற்றை ஒரே வகைச் செருகியால் இணைப்பதே அன்றைய நோக்கம். மின்னூட்டுதல் அவர்கள் எண்ணத்தில் பெரிதாக இருக்கவில்லை. ஆதலின் சிவப்பும் கறுப்பும் 5 வோல்ட்டு மின்சாரத்தைக் கொண்டு செல்லவும், பச்சையும் வெள்ளையும் செய்தியைக் கொண்டு செல்லவும் விதிக்கப்பட்டன. கணிப்பொறியில் செருகப்படும் கருவி முதலில் 100 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுத்தல் கூடாது. செய்திக் கம்பிகள் வழியாகத் தன்னை இன்னதென்று அறிவித்து, ஒப்புதல் பெற்ற பின்னரே 500 மில்லி ஆம்பியர் வரை எடுக்கலாம். விருந்துக்கு வந்தவன் வீட்டுக்காரரைக் கேட்டுச் சோறு போட்டுக்கொள்வது போன்ற ஒழுங்கு இது.

ஈண்டு ஒன்றை நன்கு மனத்திற் கொள்ள வேண்டும். எவ்வளவு மின்னோட்டம் எடுப்பது என்று முடிவு செய்வது கைப்பேசியே. 2 ஆம்பியர் என்று எழுதிய மின்னூட்டி 2 ஆம்பியரைக் கைப்பேசிக்குள் திணிப்பதில்லை. 'கேட்டால் அதுவரை தருவேன்' என்பதே அவ்வெழுத்தின் பொருள். கடைகளில் இதனை மாற்றிச் சொல்வோர் பலர்.

இனி ஒரு சிறு கணக்கு. இக்காலக் கைப்பேசியின் மின்கலம் பெரும்பாலும் 5000 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளும். அதன் அழுத்தத்தோடு பெருக்கினால் ஏறத்தாழ 19 வாட்டு-மணி ஆற்றல். 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர் என்பது இரண்டரை வாட்டு. அந்த வீதத்தில் நிரப்ப ஏழரை மணிக்கு மேல் ஆகும். வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால் எட்டு, ஒன்பது மணி ஆகிவிடும். 1.5 ஆம்பியர் கிடைக்குமானால் மூன்றரை மணியில் வேலை முடியும். கம்பியை வெட்டத் தூண்டியது இந்த வேறுபாடே.

சுவரில் செருகும் மின்னூட்டியில் பேசுவதற்குக் கணிப்பொறி இல்லை. தான் கணிப்பொறியல்லன், தாராளமாக எடுத்துக்கொள் என்று அது கைப்பேசிக்கு எவ்வாறு அறிவிப்பது? சீன அரசு 2006இல் வகுத்த கைப்பேசி மின்னூட்டித் தரத்தில் எளிய வழி ஒன்று கண்டனர். மின்னூட்டிக்குள்ளேயே இரண்டு செய்தி முனைகளையும் ஒன்றாக இணைத்துவிட வேண்டும். கைப்பேசி ஒரு முனையில் சிறிது அழுத்தம் கொடுத்துப் பார்க்கும். அதே அழுத்தம் மறுமுனையில் தென்பட்டால் எதிரே இருப்பது மின்னூட்டி என்று தெளியும். யூ.எஸ்.பி. அமைப்பினர் 2007இல் வெளியிட்டு 2010இல் திருத்திய மின்னூட்ட விதிகளும் இதனையே ஏற்று, 1.5 ஆம்பியர் வரை எடுக்கலாம் என்றன.

எல்லோரும் இவ்வழியில் சென்றிருந்தால் தொல்லையில்லை. ஆப்பிள் நிறுவனம் செய்தி முனைகளை இணைக்காமல், ஒவ்வொன்றிலும் குறிப்பிட்ட ஓர் அழுத்தத்தை வைத்து அதையே அடையாளமாக்கியது. சாம்சுங் நிறுவனத்தின் தட்டைக் கணினிகள் வேறோர் அழுத்தத்தை எதிர்பார்த்தன. மலிவான கார் மின்னூட்டிகள் பலவற்றில் அம்முனைகள் எதனோடும் இணைக்கப்படாமல் அந்தரத்தில் நின்றன. ஆகவே ஒருவருடைய மின்னூட்டியில் மற்றொருவருடைய கைப்பேசியைச் செருகினால், அடையாளம் புரியாத கைப்பேசி, கணிப்பொறியின் முன் நிற்பதாக எண்ணி 500 மில்லி ஆம்பியரோடு அடங்கிக் கிடந்தது. 2010இல் வெளிவந்த ஐபேட் தட்டைக் கணினியைச் சாதாரணக் கணிப்பொறியில் செருகியவர்கள் 'மின்னூட்டம் இல்லை' என்ற எழுத்தைத் திரையில் கண்டு மலைத்ததும் இத்தகைய காரணத்தால்தான்.

வடத்தை வெட்டிப் பச்சையையும் வெள்ளையையும் முறுக்கியவர்கள் செய்தது யாதெனின், மின்னூட்டி சொல்ல வேண்டிய சொல்லை வடத்தையே சொல்லச் செய்தார்கள். எதிரே நிற்பது உண்மையிலேயே 1.5 ஆம்பியர் தரவல்ல மின்னூட்டியாயின் அது நன்மை விளைக்கும் பொய். அதே வடத்தைப் பழைய மடிக்கணினியின் 500 மில்லி ஆம்பியர் வாயில் செருகினாலோ, கைப்பேசி மும்மடங்கு எடுக்க முயலும். நல்ல கணிப்பொறி தன்னைக் காத்துக்கொண்டு அவ்வாயை அடைத்துவிடும். காப்பு வசதியில்லாத மலிவுப் பொருள் சூடேறிக் கெடும். முறுக்கிய வடத்தின் வழியே படமோ பாடமோ கணிப்பொறிக்குச் செல்லாது என்பதும் உண்டு. இதில் ஒரு நன்மையும் கலந்திருக்கிறது: பேருந்து நிலையத்திலும் விடுதியிலும் பொதுச் செருகுவாயைப் பயன்படுத்துவோர் கைப்பேசியிலிருந்து எவரும் இவ்வழியே செய்தியைத் திருட இயலாது. இதற்காகவே செய்திக் கம்பி இல்லாத வடங்கள் விற்கப்படுகின்றன.

ஆனால் காலம் மாறிற்று. 2013 முதல் குவால்காம் நிறுவனத்தின் விரைவு மின்னூட்ட முறை பரவியது. இதில் கைப்பேசி அதே செய்திக் கம்பிகளின் வழியாக மின்னூட்டியோடு பேசி, 5 வோல்ட்டுக்குப் பதிலாக 9 வோல்ட்டோ 12 வோல்ட்டோ கேட்டு வாங்குகிறது. மின்னூட்டி முதலில் இரு முனைகளையும் இணைத்து வைத்திருக்கும். கைப்பேசி ஒரு முனையில் குறித்த அழுத்தத்தை ஒரு நொடிக்கு மேல் நிறுத்தினால் அவ்விணைப்பை அவிழ்க்கும். மறுமுனையின் அழுத்தம் விழுவதைக் கைப்பேசி கண்டு பேரத்தைத் தொடங்கும். வடத்திலேயே கம்பிகள் முறுக்கப்பட்டிருந்தால் அந்த அழுத்தம் விழுவதே இல்லை, பேரமும் தொடங்குவதில்லை. 18 வாட்டு தரவல்ல மின்னூட்டி இருந்தும் கைப்பேசி 5 வோல்ட்டிலேயே கிடக்கும். விரைவுக்காக வெட்டிய வடம் விரைவுக்கே தடையாகிவிடுகிறது.

அப்படியாயின் வடத்தினால் பயனே இல்லையா எனின், உண்டு. ஒரே மின்னூட்டியில் ஒரு வடம் விரைவாகவும் மற்றொன்று மெதுவாகவும் வேலை செய்வதைப் பலரும் கண்டிருப்பர். அதற்குக் காரணம் சிவப்பும் கறுப்புமான மின்கம்பிகளின் பருமன். முற்காலத்தில் தோட்டங்களில் சொந்த மின்பொறி ஓடியபோது, பொறிக்கு அருகிலிருந்த வீட்டில் விளக்கு வெள்ளையாகவும், லயத்தின் கடைசி வீட்டில் மங்கலாகவும் எரிந்ததை முதியோர் அறிவர். நீண்ட மெல்லிய கம்பி வழியிலேயே அழுத்தத்தைத் தின்றுவிடுகிறது.

வடத்தின் உறையில் 28 ஏ.டபிள்யூ.ஜி., 24 ஏ.டபிள்யூ.ஜி. என்று அச்சிட்டிருப்பார்கள். எண் கூடக் கூடக் கம்பி மெல்லியது. 28ஆம் எண் கம்பிக்கு ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 0.21 ஓம் தடை. இரண்டு மீட்டர் வடத்தில் மின்சாரம் போகவும் வரவும் நான்கு மீட்டர், தடை 0.85 ஓம். 2 ஆம்பியர் எடுத்தால் 1.7 வோல்ட்டு வழியிலேயே போய்விடும். 5 வோல்ட்டில் மிஞ்சுவது 3.3 வோல்ட்டு. நிறைவடைய 4.2 வோல்ட்டுக்கு மேல் வேண்டும் லித்தியம் மின்கலத்துக்கு இது எவ்வாறு போதும்? அழுத்தம் விழுவதைக் கண்ட கைப்பேசி தானே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்கிறது. 20ஆம் எண் கம்பியாலான ஒரு மீட்டர் வடத்தில் அதே 2 ஆம்பியருக்கு இழப்பு 0.13 வோல்ட்டே. இரவுச் சந்தையில் சில வெள்ளிக்கு வாங்கும் நீளமான அழகிய வடம் ஏன் ஏமாற்றுகிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

மெல்லிய கம்பியில் விரைவை வற்புறுத்தினால் என்னாகும் என்பதை உலகம் 1858இலேயே பார்த்தது. அக்கதையில் இந்நாட்டுக்கும் ஒரு பங்குண்டு. 1840களில் தீபகற்பக் காடுகளில் எடுத்த கட்டா பெர்ச்சா என்னும் மரப்பால் சிங்கப்பூர் வழியாக இலண்டன் சென்றது. ஜொகூரின் தெமெங்கோங் டாயிங் இப்ராகிம் அவ்வணிகத்தைத் தம் கையில் வைத்துப் பெருஞ்செல்வம் ஈட்டினார். கடல்நீர் புகாத அப்பொருளே ஆழ்கடல் தந்தி வடங்களுக்கு உறையாயிற்று. அயர்லாந்துக்கும் வட அமெரிக்காவுக்கும் இடையே அத்திலாந்திக் கடலில் இட்ட வடத்தில், விக்டோரியா அரசியாரின் 98 சொற்கொண்ட வாழ்த்து சென்று சேர 16 மணி நேரம் ஆயிற்று. பொறுப்பிலிருந்த வொயிட்அவுசு என்பவர், மருத்துவராயிருந்து மின்னியலுக்கு வந்தவர், ஏறத்தாழ 2000 வோல்ட்டு அழுத்தத்தைச் செலுத்திப் பார்த்தார். முன்பே குறைபட்டிருந்த உறை அதைத் தாங்கவில்லை. சில வாரங்களில் வடம் ஊமையாயிற்று. வேண்டுவது பருத்த செம்பும் தடித்த உறையும் என்று தொடக்கத்திலிருந்தே வாதிட்டவர் கிளாசுகோ பேராசிரியர் வில்லியம் தாம்சன். 1866இல் இட்ட வடத்தில் கடல்மைலுக்கு 107 இராத்தல் செம்புக்கு மாறாக 300 இராத்தல் செம்பு இட்டனர். அது வேலை செய்தது.

2014இல் வந்த டைப்-சி செருகியில் செய்தி மேலும் நுட்பமாயிற்று. வடத்தின் தலைக்குள்ளேயே கடுகினுஞ் சிறிய மின்தடை ஒன்று இருக்கிறது. பழைய அகன்ற செருகியை ஒரு முனையில் உடைய வடத்தில் அது 56 ஆயிரம் ஓம் இருத்தல் வேண்டும். தவறாக 10 ஆயிரம் ஓம் வைத்துவிட்டால், எதிரே 3 ஆம்பியர் இருப்பதாகக் கைப்பேசி நம்பும். கூகுள் நிறுவனப் பொறியாளர் பென்சன் இலியுங் 2015இன் இறுதியில் கடைச் சரக்குகளை ஒவ்வொன்றாக வாங்கிச் சோதித்துப் பிழையானவற்றை வெளியிட்டார். 2016 பிப்ரவரியில், மின்கம்பிகள் இடம்மாறி இணைக்கப்பட்டிருந்த ஒரு வடம் அவருடைய மடிக்கணினியையே கெடுத்தது. அடுத்த மாதம், விதிக்கு மாறான டைப்-சி வடங்களை விற்கலாகாது என்று அமேசான் தடை விதித்தது. தொழிற்சாலையில் செய்ததே இப்படியென்றால், வீட்டுத் திண்ணையில் பேனாக்கத்தி கொண்டு செய்வதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2021ஆம் ஆண்டு விதிகளின்படி இவ்வகை வடம் 48 வோல்ட்டில் 5 ஆம்பியர், அதாவது 240 வாட்டு வரை கொண்டு செல்லலாம். 3 ஆம்பியரைத் தாண்ட வேண்டுமானால் தன் வலிமையைத் தானே அறிவிக்கும் சில்லு வடத்தினுள் இருத்தல் வேண்டும். அதை எவரும் முறுக்கி உண்டாக்க இயலாது.

கையால் முறுக்கிய இணைப்பில் அரை ஓம் தடை நின்றாலும், 2 ஆம்பியர் ஓடும்போது 2 வாட்டு வெப்பம் அரிசிமணி அளவு இடத்தில் பிறக்கும். அதன்மேல் தலையணையோ மெத்தையோ கிடந்தால் அவ்வெப்பம் போக வழியில்லை. 5 வோல்ட்டு ஆளை அடிக்காது என்பது மெய்; துணியைக் கருக்காது என்று எவரும் உறுதி கூற முடியாது. சுவர்ப் பக்கத்து மின்னூட்டியைத் திறப்பதோ முற்றிலும் வேறு செய்தி. அங்கே இருப்பது 230 வோல்ட்டு.

விரைவு வேண்டுவோர் செய்யத்தக்கவை சில உள. ஒரு மீட்டருக்கு மிகாத, மின்கம்பி எண் 24 அல்லது அதற்குக் குறைந்த வடம். கைப்பேசியின் முறையோடு ஒத்த, சிரிம் ஒட்டுச்சீட்டு உள்ள மின்னூட்டி. செருகுவாயில் சேரும் பஞ்சையும் தூசியையும் கைப்பேசியை அணைத்துவிட்டு மரக்குச்சியால் மெல்ல நீக்குதல். தோட்டப்புறத்துப் புழுதியும் ஈரமும் அங்கே எவ்வளவு தடையை உண்டாக்குகின்றன என்பது நீக்கிப் பார்த்தவர்க்கே தெரியும்.

எந்த வடம் நல்லது என்பதை மாணவரே சோதித்தறியலாம். கத்தி வேண்டாம், கடிகாரம் போதும். மின்கலம் நூற்றுக்கு இருபதாக இருக்கும்போது ஒரு வடத்தில் அரைமணி நேரம் இட்டு ஏறிய அளவைக் குறிக்க வேண்டும். மறுநாள் அதே இருபதில், அதே மின்னூட்டியில், திரையை அணைத்து, மற்றொரு வடத்தில் அரைமணி. எண்பதுக்கு மேல் சோதித்தல் பயனில்லை. அந்நிலையில் கைப்பேசி தன் மின்கலத்தைக் காக்கத் தானே மின்னோட்டத்தைக் குறைத்துவிடும்.