ஆரஞ்சு நிறக் கம்பியும் ஓமின் விதியும்

பெட்ரோல் எந்திரமும் மின் மோட்டாரும் சேர்ந்து இயக்கும் வண்டியை ஹைபிரிட் கார் என்கிறோம். 1997 டிசம்பரில் ஜப்பானில் டொயோட்டா நிறுவனம் பிரியஸ் காரை விற்பனைக்குக் கொணர்ந்தபின் இவ்வகை வண்டிகள் உலகெங்கும் பரவின. சாதாரணக் காரில் 12 வோல்ட் பாட்டரி மட்டுமே உண்டு. முழு ஹைபிரிட் காரிலோ அதைவிடப் பன்மடங்கு உயர்ந்த மின்னழுத்தம் கொண்ட மற்றொரு பாட்டரியும் இருக்கிறது. அதன் கம்பிகளுக்கு ஆரஞ்சு நிற உறை இட்டிருப்பார்கள். ‘எச்சரிக்கை’ என்பதே அந்நிறத்தின் பொருள்.

இயற்பியல் மாணவனாகிய நான் இதனை நேரில் கண்டது சென்ற கோடை விடுமுறையில், என் தாய்மாமனின் பட்டறையில். பெரியவர் ஒருவர் தம் காரைக் கொண்டுவந்தார். எச்சரிக்கை விளக்கு எரிகிறதாம். பாட்டரியையே மாற்றவேண்டும் என்று வேறோர் இடத்தில் கூறிவிட்டார்களாம். அவ்வளவு பணத்திற்கு வழியின்றிக் கலங்கி நின்றார் அவர்.

எந்திரம் ஓடாததைக் கண்ட தொழில் பழகும் பையன் ஆரஞ்சுக் கம்பியருகே கையை நீட்டினான். மாமா அவன் கையைப் பிடித்து இழுத்தார். "சத்தம் இல்லேன்னா கரண்ட் இல்லேன்னு அர்த்தமாடா?" என்றார். நின்றிருக்கும் ஹைபிரிட் கார் ஓசையின்றி உயிரோடிருக்கும் என்பதை அன்றுதான் நான் உணர்ந்தேன்.

இவ்வண்டியில் உயர் மின்னழுத்தச் சுற்றின் நேர்முனையோ எதிர்முனையோ காரின் உடலோடு இணைக்கப்படுவதில்லை. எங்கேனும் ஓரிடத்தில் மின்காப்பு கெட்டு ஒருமுனை உடலைத் தொட்டாலும் உடனே ஆபத்தில்லை, சுற்று நிறைவடைவதில்லை. ஆனால் அந்நிலையில் ஒருவர் உடலையும் மறுமுனையையும் ஒருங்கே தொட்டால், அவரே சுற்றை நிறைவு செய்தவராகிறார்! எனவேதான் வண்டியின் கணினி மின்கசிவை ஓயாமல் கண்காணித்து விளக்கை எரிய விடுகிறது.

மாமா முதலில் கேட்ட கேள்வி, "விளக்கு எப்போ எரியுதுங்க ஐயா?" என்பதே. "ஏ.சி. போட்டாத்தான் தம்பி" என்றார் பெரியவர். மாமா தலையசைத்துக்கொண்டார்.

பின்னர் வண்டியை அணைத்துச் சாவியை அப்புறப்படுத்தினார். 12 வோல்ட் பாட்டரியின் இணைப்பைக் கழற்றினார். ரப்பர்க் கையுறையைச் சுருட்டி, காற்று கசிகிறதா என்று பார்த்த பின்னரே அணிந்தார். பெரிய பாட்டரியின் பாதுகாப்புச் செருகியைப் பிடுங்கித் தம் சட்டைப்பையிலேயே போட்டுக்கொண்டார். வேறெவரும் தெரியாமல் மாட்டிவிடக் கூடாதல்லவா! அதன்பின் பத்து நிமிடங்கள் காத்திருந்தோம். இன்வெர்ட்டரின் மின்தேக்கிகளில் தங்கிய மின்னூட்டம் வடியவேண்டும். பிறகு மீட்டரை ஒரு நல்ல பாட்டரியில் சோதித்துவிட்டு, சுற்றில் சுழி வோல்ட் என்று உறுதி செய்தார்.

அடுத்து வந்தது மெகர். 500 வோல்ட் செலுத்தி மின்காப்பின் தடையை அளக்கும் கருவி இது. வோல்ட்டுக்கு 500 ஓம் தடை இருந்தால், ஓமின் விதிப்படி 2 மில்லி ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் கசியாது. ஒவ்வொரு பகுதியாகக் கழற்றி உடலுக்கும் அதற்கும் இடையே அளந்தோம். மோட்டார்க் கம்பிகள், இன்வெர்ட்டர், பாட்டரி எல்லாம் பல மெகா ஓம் காட்டின. ஏ.சி. கம்ப்ரசர் மட்டும் சில ஆயிரம் ஓம்தான்!

காரணம் என்ன? ஹைபிரிட் காரின் கம்ப்ரசருக்குள் மின் மோட்டாரே எண்ணெயில் நனைந்து சுழல்கிறது. அதற்கு மின்சாரத்தைக் கடத்தாத எஸ்டர் வகை எண்ணெய் தேவை. முன்பு எவரோ வாயு நிரப்புகையில், பெல்ட்டில் ஓடும் கம்ப்ரசருக்குரிய எண்ணெயைக் கலந்துவிட்டிருந்தனர். கம்ப்ரசரை மாற்றிக் குழாய்களைக் கழுவியதும் விளக்கு அணைந்தது. பாட்டரி பிழைத்தது; பெரியவரும் பிழைத்தார்.

நோயை மட்டுமன்றி அதன் மூலத்தையும் தேடுக என்று வள்ளுவர் மருத்துவருக்குச் சொன்னது மெக்கானிக்குக்கும் பொருந்தும். தேர்வுக்காக மனப்பாடம் செய்த ஓமின் விதி, ஒரு பையனின் உயிரையும் ஒரு முதியவரின் சேமிப்பையும் காக்கவல்லது என்பதை அப்பட்டறையில்தான் கற்றேன்.